எண்ணெய் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெண் எங்கள் வீட்டுக் குளியலறையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறாள். ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சார்பில் ஏஜென்ட் வந்து சுற்றிப் பார்ப்பது இங்கே வழக்கம். அடுப்பு, ஜன்னல், சுவர் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு படம் எடுப்பாள். குளியலறைக்கு மட்டும் நாலு. ஷவருக்குக் கீழே தரையில் பழுப்பாக ஒரு வளையம் இருக்கும். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் அது இருக்கத்தான் செய்யும். போன வருடம் அவள் குனிந்து, அதை விரலால் தொட்டுப் பார்த்து, ஏதோ கேட்டாள். நான் "யெஸ், யெஸ்" என்றேன். அடுத்த வாரம் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் பெரிய பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். குழாயில் துருப்பிடித்து ஒழுகுகிறதா என்று அவள் கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது பழக்கம். படித்தது ஐந்தாம் வகுப்பு. கூச்சம் பிறந்ததிலிருந்தே உண்டு. இந்த நாட்டில் யார் என்ன கேட்டாலும் முதலில் "யெஸ்" என்று சொல்லிவிடுவேன். சொன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். "நோ" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதினான்கு வருடங்களாக மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறேன். அடுப்பு சுவரைப் பார்த்து இருக்கிறது. அதனால் யாரிடமும் பேச வேண்டிய வேலையில்லை. சம்பளத்தில் குறையில்லை, மகள் காலேஜ் போகிறாள், மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் பதினான்கு வருடம் ஒரே சுவரைப் பார்த்தவனுக்கு, திரும்பி நின்று ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை வராமல் இருக்குமா?

கடை முதலாளி சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் இங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் போனால் பழைய மர வீடுகளின் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, இந்த நாட்டின் தென்தீவில் இருக்கும் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளத்தாக்கு ஊருக்கு அழைத்துப்போய்ப் பனியும் வெந்நீர் ஊற்றும் காட்டுவது, வேளாவேளைக்கு நம் சாப்பாடு போடுவது. இதுதான் யோசனை. இரண்டு தடவை அவரோடு சமையலுக்குப் போனேன். போன நவம்பரில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன்.

"மாஸ்டர், இந்த முறை நீங்கள்தான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷு வராதுல்லா, அண்ணாச்சி?"

"புளிச்சாதத்துக்கு என்னத்துக்கு இங்கிலீஷ்? வான் ஓட்ட நாராயண் வாறான், கதைக்கிறதை அவன் பாப்பான். பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு பேரைக் கொண்டு வாங்கோ. இது ஒழுங்கா நடந்தால் இனி இந்தப் பயணமெல்லாம் உங்கட பொறுப்பு. பிழையாப் போனால் திரும்பவும் உங்கட சுவர்தான். ஓமோ?"

சரி என்றேன். அந்த 'சரி' மட்டும் கூச்சத்தில் வந்ததல்ல.

வேன் ஓட்டும் நாராயண் பிஜியிலிருந்து வந்தவர். அவருடைய முன்னோர்கள் எப்போதோ நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'போ', 'சாப்பாடு', 'முருகா' ஆகிய நாலு வார்த்தைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டே பன்னிரண்டு பேரையும் வழியெல்லாம் சிரிக்க வைத்தார்.

அந்த ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று பின்னால் உங்களுக்கே தெரியும். சமவெளியில் ஆடுகளாகப் பார்த்துக்கொண்டே சில மணி நேரம் போனால், நூல் நூலாகப் பிரிந்து ஓடும் ஓர் ஆறு வரும். அதன் பாலத்தைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். ஊர் ஒரே ஒரு தெருதான். இருபுறமும் வெளிநாட்டு மரங்கள் நட்டிருக்கிறார்கள். கல்லில் கட்டிய பழைய தபால் ஆபீஸ் இப்போது காபிக்கடை. பால் மிட்டாய்க் கடை, இரண்டு பேர் மிதிக்கும் வாடகை சைக்கிள், பைன் காட்டுக்குள் போகும் நடைபாதை, மலை மேலே ஏறக் கம்பியில் தொங்கி நகரும் நாற்காலி. மேலே போனால், இங்கே கோடை நெருங்கும் நவம்பரிலும் பனி கிடக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் வெந்நீர்க் குளங்கள். பூமிக்குள்ளிருந்து வரும் சூடான தண்ணீரைக் கல் கட்டிய குளங்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கழுத்தளவு நீரில் உட்கார்ந்துகொண்டு பனி மலையைப் பார்க்கலாம். உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ இதற்காக ஆட்கள் வருகிறார்கள்.

வருகிறவர்களை வைத்துப் பிழைக்கும் ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் குற்றாலத்தான். பரோட்டாக் கல்லுக்கு வருவதற்கு முன்னால் எட்டு சீசன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தேன். சாரல் தொடங்கினால் ஊரே தொண்டையைத் திறந்துவிடும். "மசாஜ் சார், வாங்க சார்", "துண்டு சார்", "நேந்திரம் சிப்ஸ், சூடா இருக்கு" என்று ஒவ்வொருவரும் ஆளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். என்னால் மட்டும் கூப்பிட முடியாது. பாறையோரமாக எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பேன். ஒருவர் வந்துவிட்டால் மறுநாளும் அவர் என்னையே தேடி வருவார். கை அப்படி. ஆனால் அந்த முதல் ஆள் வருவதற்குள் பகல் பாதி போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கு ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கடைக்காரர்கள் உள்ளே நிற்கிறார்கள். நீங்களாக நுழைந்தால் ஒரு 'ஹலோ', அவ்வளவுதான். கூச்சப்படுகிறவன் பிழைப்பதற்கென்றே ஓர் ஊர் கட்டியிருக்கிறார்களே என்று முதல் தடவையே நினைத்தேன்.

மற்றபடி இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே வெளியூர்க்காரன் போன் செய்து "தண்ணி விழுதா?" என்று கேட்பான். இங்கே பனி எப்படி என்று கேட்கிறான். இரண்டு ஊர்க்காரர்களும் காலையில் எழுந்ததும் மலையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே குரங்கு என்றால் இங்கே கியா என்று ஒரு மலைக்கிளி. பச்சை நிறம், வளைந்த மூக்கு, கொஞ்சமும் பயமில்லை. தீனி போடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தீனி போடாவிட்டால் கார் கண்ணாடியின் ரப்பரை உரிக்கும். முதல் நாளே அது அருணாசலம் சாரின் தலையிலிருந்து குரங்குக் குல்லாவைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் போய் உட்கார்ந்தது. சார் பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரையைப் பார்த்து, "ஏய், கொடு அதை!" என்று அதட்டினார். கிளி அசையவில்லை.

"அங்க குரங்கு பழத்தப் புடுங்குது, இங்க கிளி குல்லாவப் புடுங்குது" என்றார் ராஜம்மாள் என்ற அம்மாள். மதுரைக்காரர், வாய் சும்மா இருக்காது. "சாரோட பள்ளிக்கூடத்துல படிச்ச கிளி இல்ல போல. பயமே இல்லையே!"

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வெந்நீர்க் குளத்துக்குப் போனோம். இறங்கும் முன் ஷவரில் குளிக்க வேண்டும், நீச்சல் உடை போட வேண்டும், பையைப் பெட்டியில் பூட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருந்தேன். நாராயண் வண்டிக்கு டீசல் போடப் போயிருந்தார். ஆண்கள் உடை மாற்றும் அறையில் அருணாசலம் சார் பனியனைக் கழற்ற முடியாமல் திணறினார்.

"ரெண்டு நாளா இந்தத் தோள் மடங்க மாட்டேங்குது, மாஸ்டர். குளிரு. வெந்நியில இறங்குறதுக்கு முன்னால கொஞ்சம் எண்ணெ போட்டா இளகும்லா?"

என் பையில் இட்லிப்பொடிக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெய் ஒரு பாட்டில் இருந்தது. கேட்டவர் எங்கள் பக்கத்து ஆள். கேட்டது தோளுக்கு. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் இறக்கிப் பிடித்தேன். இருபது வருடம் கழிந்திருந்தாலும் கட்டைவிரல் நேராகப் போய் முடிச்சில் நின்றது. சார் "ஆஹா" என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் முதுகைக் காட்டினார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். நாலு பேருக்கும் தேய்த்தேன். எல்லோரும் ஷவரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் குளத்தில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

செய்த பிழை எது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். குற்றாலத்தில் எண்ணெய் முதலில், தண்ணீர் பிறகு. அருவி அடிக்கிற அடியில் எண்ணெய் கழன்று ஓடிப்போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இது நிற்கிற தண்ணீர். இதில் இறங்கிய எண்ணெய் எங்கேயும் போகாது. வருகிற ஒவ்வொருவர் மேலும் ஒட்டும். பிறந்ததிலிருந்து ஓடுகிற தண்ணீரோடு பழகியவனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

கால் மணி நேரத்தில் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் பரவியது. வெயில் பட்டு நன்றாக மின்னியது. விசில் சத்தம் கேட்டது. குளத்துப் பொறுப்பாளர் ட்ரூடி வந்து நின்றாள். நரைத்த கிராப், அந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். கரையோரமாக இருந்தவன் நான்தான். "சன்ஸ்கிரீன்?" என்று என்னிடம் கேட்டாள். இங்கே வெயிலுக்கு முகத்தில் வெள்ளையாகப் பூசுவார்களே, அது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

புரியாமல் ஆட்டினேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் புரிந்துதான் ஆட்டினேன்.

ட்ரூடி சுற்றிலும் பார்த்தாள். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தாய் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்தாள். பிள்ளைகள் முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. ட்ரூடி அவளிடம் போய் மெதுவாகத்தான் ஏதோ சொன்னாள். அந்தத் தாயின் முகம் சிவந்துவிட்டது. "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைக் கரையேற்றினாள். சின்னவன் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டு அழுதான். பிறகு எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். குளத்தின் குறுக்கே கயிறு கட்டினார்கள்.

"மாஸ்டர், தலைய ஆட்டிட்டீங்களே" என்றார் அருணாசலம் சார், என் காதோரமாக. உண்மையைச் சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் கம்பி நாற்காலி, நாளை ஆக்லாந்து. பன்னிரண்டு பேரும் பத்திரம். சொன்னால் இந்த ஊர் எங்களை மறுபடி உள்ளே விடாது, சிவநேசன் அண்ணாச்சி தருவதாகச் சொன்ன பொறுப்பும் போகும், பழைய சுவர்தான். இவ்வளவும் யோசித்தேன். அந்தச் சின்னவன் கயிற்றுக்கு வெளியே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டைப் போர்த்திக்கொண்டு ட்ரூடியிடம் போனேன்.

"மேடம். நோ சன்ஸ்கிரீன். ஆயில். மை ஆயில். தட் மதர் நோ மிஸ்டேக்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. வேகமாக ஏதோ கேட்டாள். அதற்குள் அருணாசலம் சார் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவள் கேட்டதை எனக்குச் சொன்னார். "நீங்க மசாஜ் தெரபிஸ்ட்டான்னு கேக்கா."

யெஸ் என்பது நாக்கு நுனி வரை வந்தது. "நோ" என்றேன். "குக்."

அவள் என்னையும், கரையில் பளபளவென்று நின்ற நாலு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சமையல்காரர் நாலு ஆட்களுக்கு எண்ணெய் தடவி அவளுடைய வெந்நீரில் இறக்கியிருக்கிறாரா என்று கேட்டாளாம். சார் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ட்ரூடி சிரிக்கவில்லை. சனிக்கிழமை அதுவுமாகத் தன்னுடைய நல்ல குளத்தை மூட வேண்டியதாகிவிட்டது என்றாள். அடுத்த குழுவை அனுமதிப்பது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாள். நியாயம்தான். பிறகு அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். நானும் கூடப் போய் "சாரி" என்றேன். அந்தத் தாய் "ஆல் குட்" என்றாள். இந்த நாட்டில் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்தத் தடவை அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அருவிக்கரையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெய் தேய்க்கிறவனுடைய வேலை எண்ணெய் தேய்ப்பதோடு முடியாது. சாயங்காலம் தான் நின்ற பாறையை அரப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் யாராவது வழுக்கி விழுவார்கள். விழுந்தால் அது யாருடைய பாறை என்று எல்லோருக்கும் தெரியும். நான் ட்ரூடியிடம் கையால் தேய்ப்பது போலக் காட்டி, "பிரஷ்" என்றேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு படிவம் வந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆரஞ்சு நிறச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையுறை. கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பது தீராமல் இந்த நாட்டில் ஒரு துரும்பையும் கிள்ள முடியாது. அருணாசலம் சாரும் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

தண்ணீரை ஒரு சாண் இறக்கினார்கள். எண்ணெய் கரையோரக் கல்லில் பழுப்பாக ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. பார்த்ததும் எங்கள் வீட்டு ஏஜென்ட் பெண்ணின் ஞாபகம் வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் சோப்புத் தண்ணீரை ஊற்றப் போனார்கள். நான் தடுத்து, காகிதத் துண்டு கேட்டேன். எண்ணெயை முதலில் உலர்ந்த பொருளால் துடைத்து எடுக்க வேண்டும், பிறகுதான் சோப்பு. முதலிலேயே தண்ணீர் விட்டால் கல்லின் துளைக்குள் போய்விடும். ஒரு கல்லைத் துடைத்துக் காட்டினேன். ட்ரூடி தடவிப் பார்த்துவிட்டு, அவளுடைய ஆட்களிடம் ஏதோ சொன்னாள். எல்லோரும் என் மாதிரியே செய்ய ஆரம்பித்தார்கள். பதினான்கு வருடத்தில் நான் இங்கே யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ராஜம்மாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மாஸ்டர், நீங்க ஒருத்தரே பழிய ஏத்துக்காதீங்க" என்றார். "நான் காலைல தலைக்கு ரெண்டு கை தேங்காயெண்ணெ வச்சுட்டுத்தான் வந்தேன். இந்தக் குளிர்ல அது கட்டியாயிருக்கும்னு நெனச்சேன். வெந்நியில உருகிருச்சு போல."

"அப்ப நீங்களும் ஒரு பிரஷ் எடுங்க" என்றார் சார்.

"எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அழுத சின்னவனைக் கூப்பிட்டு ஒரு முறுக்கைக் கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓர் ஓரத்தைக் கடித்தான்.

மூன்று மணிக்குக் குளம் திறந்தது. ட்ரூடி முதலில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் விட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு வெள்ளைப் பலகையும் தடித்த பேனாவும் இருந்தன. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே உங்கள் மொழியில் எழுதுங்கள் என்றாள். நான் பேனாவை அருணாசலம் சாரிடம் நீட்டினேன். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. அவர் வாங்கவில்லை.

"ஒங்க எண்ணெ, மாஸ்டர். நீங்கதான் எழுதணும்."

ஐந்தாம் வகுப்பு எழுத்தில், கோடு மேலும் கீழுமாகப் போக, எழுதினேன். 'எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்காதீர்கள். இது ஓடாத தண்ணீர்.' இரண்டாவது வரி அவள் கேட்காதது. நானாகச் சேர்த்தேன். காரணம் சொல்லாமல் நம் ஆட்களிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே சிவநேசன் அண்ணாச்சிக்கு நானே போன் செய்து, எண்ணெயில் ஆரம்பித்துப் பலகை வரைக்கும் சொன்னேன். "நாராயண் கதைச்சவனோ?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. நானே பேசினேன்."

"நீங்களோ?" என்றார். "அப்ப மார்ச் மாசத்துக்கும் கேட்டுப் பாருங்கோ. நீங்களே கேளுங்கோ."

கேட்டேன். ட்ரூடி உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கடிதம் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். வரலாம், ஆனால் எண்ணெய் பாட்டிலை வாசலில் கொடுத்துவிட வேண்டும் என்று ட்ரூடி எழுதியிருந்தாள். மார்ச்சில் பதினோரு பேரோடு போனேன். கவுண்டரில் 'ஹலோ' சொல்வதற்கு முன்னால் கையை நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்தேன். யாரோ மறந்துவிட்டுப் போன நீச்சல் கண்ணாடிகளுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் அதை வைத்தாள். இப்போது குற்றாலத்திலும் அருவிக்கரையில் எண்ணெய் கூடாது என்று சொல்கிறார்களாம். அங்கே பாட்டிலை யார் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை.

குளத்து வாசலில் என் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மழை படாமல் மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். குழுவில் வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அட, இங்க தமிழ்! யாருங்க மாஸ்டர் இத எழுதுனது? எழுத்து கோணக்கோணையா இருக்குதுங்களே."

"இந்த ஊர்க்காரர் ஒருத்தர்தான்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ஊர்க்காரர் எழுதியதென்றால் பரவாயில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் என்று பாராட்டிக்கொண்டே இறங்கினார். நானும் இறங்கினேன். கழுத்தளவு வெந்நீர். எதிரே பனி மலை. திரும்பினால் கவுண்டரின் கண்ணாடி வழியே என் பாட்டில் தெரிந்தது. சாயங்கால வெயில் பட்டு, உள்ளே இருந்த எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. திரும்பிப் போகும்போது கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திரும்பிப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது.